ஒரே போன், நாலு கை: பிள்ளையிடம் கொடுக்கும் முன் வீட்டு போனைப் பிரித்து வைப்பது எப்படி

பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு பற்றிச் சொல்லப்படும் யோசனைகளில் பாதிக்கு மேல், பிள்ளைக்கென்று தனி போன் இருக்கிறது, பெற்றோர் கையில் இன்னொன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்லப்படுபவை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வீடுகள் பலவற்றில் நிலைமை வேறு. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஷூ கம்பெனி பஸ் ஏறும் அம்மாவின் போன் சாயங்காலம்தான் வீடு திரும்பும். பகலில் பிள்ளை கையில் இருப்பது ஆயாவின் (பாட்டியின்) போன். ராத்திரி வீட்டுப்பாடம் பார்க்க அம்மாவின் போன். அதே போனில்தான் கூகுள் பே, வங்கி எஸ்எம்எஸ், மகளிர் குழு வாட்ஸ்அப், பட்டாளத்தில் இருக்கும் அப்பாவின் வீடியோ கால் எல்லாம்.

இப்படிப்பட்ட போனில் கண்காணிப்பு ஆப் போடுவதெல்லாம் அப்புறம். முதலில் போனைப் பிரிக்க வேண்டும்: பணம் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். கீழே சொல்லும் மெனு பெயர்கள் ஒவ்வொரு கம்பெனி போனிலும் கொஞ்சம் மாறும். தேடி அலையாமல், செட்டிங்ஸ் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டினால் நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

கைரேகைப் பட்டியல்

செட்டிங்ஸில் 'ஃபிங்கர்பிரின்ட்' என்று தேடுங்கள். பூட்டு எண்ணைக் கேட்கும். கொடுத்ததும் பதிவான விரல்களின் பட்டியல் வரும். அம்மாவின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அதற்குக் கீழே 'ஃபிங்கர் 3' என்று ஒன்று. அந்த மூன்றாவது, பெரும்பாலும் ஏழாவது படிக்கும் பையனுடையது. மாவு பிசையும் கையோடு "நீயே திறந்து பாருடா" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, ஒரு நாள் பதிந்து கொடுத்தது.

அந்த ஒரு விரல் ஸ்கிரீனை மட்டுமா திறக்கிறது? கூகுள் பே திறக்கும்போது கேட்கும் பூட்டு, பிளே ஸ்டோரில் பணம் கட்டும்போது கேட்கும் உறுதி, வாட்ஸ்அப் பூட்டு எல்லாம் அதற்கே திறக்கும். யார் விரல் என்பது போனுக்குத் தெரியாது. பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மூன்றாவதை அழியுங்கள். எது யாருடையது என்று குழப்பமாக இருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் விரலை மட்டும் திரும்பப் பதியுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

கூடவே பூட்டு எண்ணையும் மாற்றுங்கள். புள்ளிக் கோலம் மாதிரி இழுக்கும் பேட்டர்ன் வேண்டாம். விரல் போன வழி கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஒரு தடவை பார்த்தாலே போதும். ஆறு இலக்க எண் வையுங்கள், ஆனால் பிறந்த தேதியும் வண்டி நம்பரும் வேண்டாம்.

பணத்துக்குத் தனிப் பூட்டு

யுபிஐ பின் தெரியாமல் பிள்ளையால் பணம் அனுப்ப முடியாது என்று நிம்மதியாக இருப்பவர்கள் மூன்று ஓட்டைகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது யுபிஐ லைட். டீக்கடை, காய்கறிக் கடை என்று சில்லறைச் செலவுக்காகப் பலர் இதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதில் பின் கேட்காது. ஒரு தடவைக்கு ₹1,000 வரை போகும். ₹5,000 வரை இருப்பு வைக்கலாம். கேமில் மலிவாக டைமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) தருகிறேன் என்று ஒருவன் க்யூஆர் அனுப்பினால், பிள்ளை ஸ்கேன் செய்து முடித்துவிடும். பிள்ளை கைக்குப் போகும் போனில் யுபிஐ லைட் இருக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டு, யுபிஐ லைட் உள்ளே போய் மூடிவிட்டால் மிச்சப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பும்.

இரண்டாவது ஆட்டோபே. முதல் தடவை ஒரே ஒரு முறை பின் போட்டு ஒப்புக்கொண்டால் போதும், அப்புறம் மாதாமாதம் கேட்காமலே பணம் போகும். 'ஏழு நாள் இலவசம், 1 ரூபாய் மட்டும்' என்று வரும் ஆப்கள் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. பிள்ளை "ஒரு ரூபாய்தாம்மா" என்று கேட்க, அம்மா பின் போட்டுக் கொடுத்திருப்பார். ஆப்பை அழித்தாலும் ஆட்டோபே சாகாது. யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர் இருந்தால் அங்கேயே ரத்து செய்ய வேண்டும்.

மூன்றாவது டெபிட் கார்டு. கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி தேதியும் இருந்தால் யுபிஐ பின்னைப் புதிதாகவே வைத்துவிடலாம். அதற்கு வரும் ஓடிபி இதே போனுக்குத்தான் வரும். எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். கார்டு பீரோவில் பூட்டி இருக்கட்டும். போன் கவருக்குள் செருகி வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்.

பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ் உள்ளே 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்' போய், ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். பிறகு 'பேமென்ட் மெத்தட்ஸ்' திறந்து அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் யுபிஐ, கார்டு எல்லாவற்றையும் நீக்குங்கள். பணம் கட்டும் வழியே இல்லாத பிளே ஸ்டோரில் தப்பு நடக்க இடமில்லை.

போனுக்குள் இன்னொரு அறை

மோட்டோரோலா, நோக்கியா, பிக்சல் மாதிரி போன்களில் 'மல்டிபிள் யூசர்ஸ்' என்று இருக்கும். அதை இயக்கி, பிள்ளை பெயரில் புது யூசர் ஒன்று சேர்த்தால், போனுக்குள்ளேயே தனி வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. அங்கே உங்கள் கேலரி, வாட்ஸ்அப், கூகுள் பே எதுவும் தெரியாது. சேர்க்கும்போது அந்த யூசர் போன் பேசவும் எஸ்எம்எஸ் பார்க்கவும் அனுமதிக்கலாமா என்று கேட்கும். அனுமதிக்காதீர்கள், ஓடிபி அங்கே போய்விடும். ஷாவ்மி, ரெட்மி போன்களில் 'செகண்ட் ஸ்பேஸ்' இதே வேலையைச் செய்யும். ஓப்போ, ரியல்மியில் 'கிட் ஸ்பேஸ்' என்று தேடுங்கள்.

சாம்சங் போன்களில் இந்த யூசர் வசதி கிடையாது. அங்கே தலைகீழாகச் செய்ய வேண்டும்: 'செக்யூர் ஃபோல்டர்' திறந்து, கூகுள் பே, வங்கி ஆப், குடும்பப் படங்களை அதற்குள் நகர்த்தி, வேறு பூட்டு எண் போட வேண்டும். செக்யூர் ஃபோல்டருக்குள் போட்டபின் வெளியே இருக்கும் பழைய வங்கி ஆப்பை அழிக்க மறந்துவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் அது இருந்தால் பூட்டியதற்குப் பலனில்லை. சின்னப் பிள்ளைக்கு 'சாம்சங் கிட்ஸ்' போதும்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, ஆயா போனில் வேறு எதுவும் தேவையில்லை, 'ஆப் பின்னிங்' மட்டும் போதும். செட்டிங்ஸில் அதை இயக்கி, வெளியேறும்போது பூட்டு எண்ணைக் கேட்கும் வழியையும் இயக்குங்கள். பிறகு வேண்டிய ஆப்பைத் திறந்து, ரீசன்ட் பட்டனைத் தொட்டு, ஆப்பின் மேலே தெரியும் சின்னப் படத்தை அமுக்கினால் 'பின்' என்று வரும். அதைத் தொட்டால் அந்த ஆப்பை விட்டு வெளியே போக முடியாது. ஆயாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்; மூன்று தடவை அவரே செய்து காட்டும்வரை விடாதீர்கள். ஐபோனில் இதே வேலைக்கு 'கைடட் ஆக்சஸ்', பக்கவாட்டுப் பட்டனை மூன்று தடவை அமுக்க வேண்டும்.

தனி அறை கொடுத்ததும் வரும் முதல் சிக்கல் வீட்டுப்பாடம். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு அம்மாவின் பக்கத்தில் இருக்கும்; பிள்ளையின் அறையில் இருக்காது. "டீச்சர் போட்டிருக்காங்க, போன் குடும்மா" என்று வந்து நிற்கும். குழுவில் வருவதைப் பார்த்து நோட்டில் எழுத பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்ததும் போனைத் திரும்ப வாங்குங்கள். வீட்டுப்பாடத்தைச் சாக்காக வைத்து இரண்டு மணி நேரம் போன் போவதுதான் எங்கும் நடக்கிறது. பாட வீடியோ வேண்டுமென்றால் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் மணற்கேணி ஆப்பைப் பிள்ளையின் அறையிலேயே இறக்கிக் கொடுக்கலாம்.

பழைய போனைப் பிள்ளைக்கே கொடுப்பதென்றால்

அண்ணன் புது போன் வாங்கியதும் பழையது தம்பிக்கு வரும். இந்த இடத்தில்தான், பிள்ளையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் உதவும். பகிர்ந்துகொள்ளும் போனுக்கு அது ஒத்துவராது, பிள்ளையின் தனி போனுக்கு நல்ல கருவி.

பழைய போனில் இருக்கும் கூகுள் கணக்கை முதலில் 'அக்கவுன்ட்ஸ்' உள்ளே போய் நீக்குங்கள். அதற்குப் பிறகுதான் ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது). வரிசை மாறினால், ரீசெட் முடிந்ததும் போன் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு அடம்பிடிக்கும். அண்ணனுக்கு அது நினைவில் இல்லாவிட்டால் போன் வெறும் கல். ரீசெட் ஆனபின் கணக்கு கேட்கும் இடத்தில் 'பிள்ளைக்காகப் புதுக் கணக்கு' என்ற வழியைத் தேர்ந்து, பிறந்த தேதியை உள்ளபடியே கொடுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று வயதைக் கூட்டிப் போட்டால் கட்டுப்பாடுகள் எதுவுமே வராது. பெற்றோரின் ஜிமெயில் கேட்கும். உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் இறக்கி இணைத்துவிடுங்கள்.

பிறகு நான்கு இடங்களை அமைத்தால் போதும். பிளே ஸ்டோரில் எந்த ஆப்புக்கும் உங்கள் ஒப்புதல் தேவை என்று வையுங்கள். 'டவுன்டைம்' என்பதில் ராத்திரி 9 முதல் காலை 6 வரை போன் தூங்கட்டும். தினசரி அளவை நாளுக்கு நாள் வேறாக வைக்கலாம். குரோமில் ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வழியை இயக்குங்கள். போன் பூட்டியிருந்தாலும் வரும் அழைப்பைப் பிள்ளையால் எடுக்க முடியும், அவசர அழைப்பும் போகும். அதனால் 'அவசரத்துக்குப் பேச முடியாதே' என்ற கவலை வேண்டாம்.

கம்பெனி வேலையில் இருப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பகல் முழுக்க போனை எடுக்க முடியாத அம்மாவிடம் ஒப்புதல் கேட்டுக் கோரிக்கை வந்தால் அது சாயங்காலம்வரை கிடக்கும்; பிள்ளை பக்கத்து வீட்டு போனுக்குப் போய்விடும். ஃபேமிலி குரூப்பில் சித்தியையோ மாமாவையோ சேர்த்து, அவர்களுக்கும் 'பேரன்ட்' பொறுப்பைக் கொடுத்து வையுங்கள். பட்டாளத்தில் இருக்கும் அப்பாவும் அங்கிருந்தே இதைச் செய்யலாம். இன்டர்நெட் இல்லாத நேரத்துக்கு, பெற்றோர் போனில் வரும் 'பேரன்ட் ஆக்சஸ் கோடு' இருக்கிறது: அதை வாயால் சொன்னாலே பிள்ளையின் போன் கொஞ்ச நேரத்துக்குத் திறக்கும்.

பிள்ளைகள் இதைத் தாண்டும் வழிகளும் பழகிப்போனவைதான். பெற்றோரின் ஜிமெயில் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு தானே ஒப்புதல் கொடுத்துக்கொள்வது ஒன்று. ஒரே ஆப்பை இரண்டாக வைக்கும் 'டூயல் ஆப்ஸ்' மூலம் இரண்டாவது இன்ஸ்டாகிராம் வைத்துக்கொள்வது இன்னொன்று. கால்குலேட்டர் மாதிரியே இருந்து, எண் தட்டினால் படங்கள் திறக்கும் ஆப்களும் உண்டு. ஒரு போனில் இரண்டு கால்குலேட்டர் தெரிந்தால் கேளுங்கள். சண்டை போடக் கேட்க வேண்டாம், 'இது எதுக்குடா?' என்று சாதாரணமாகக் கேட்டால்தான் பதில் வரும்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் ரவுட்டரின் செட்டிங்ஸில் டிஎன்எஸ் (தளங்களின் முகவரியைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று இரண்டையும் போட்டால், கிளவுட்ஃபிளேரின் வடிகட்டி ஆபாசத் தளங்களை வீடு முழுக்கத் தடுக்கும். செலவில்லை. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இது வேலை செய்யாது.

யூடியூபை டிவிக்கு மாற்றுங்கள்

எங்கள் அனுபவத்தில் யூடியூப் பார்க்க மிகப் பாதுகாப்பான இடம் கூடத்தில் இருக்கும் ஸ்மார்ட் டிவி. எல்லோர் கண்ணிலும் படுகிறது. போனில் இருக்கும் 'ரெஸ்ட்ரிக்டட் மோடு' ஓரளவு உதவும், ஆனால் ஆப்புக்குள்ளேயே அதை அணைத்துவிடலாம். பூட்டு இல்லாத கதவு. அம்மாவின் கணக்கிலேயே பிள்ளை பார்த்தால், பிள்ளை பார்த்த பேய்க் கதை அம்மாவுக்கும், அம்மா பார்த்த சீரியல் சண்டை பிள்ளைக்கும் வந்து நிற்கும். ஆட்டோபிளேயை அணையுங்கள். எட்டு வயதுக்குள் யூடியூப் கிட்ஸ் போதும். அதில் 'பெற்றோர் அனுமதித்தவை மட்டும்' என்ற வழி இருக்கிறது, அதைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

நேரக் கணக்கு பற்றி: இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய பிள்ளைகளுக்கு வேலூர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். மே மாதத்தில் பகல் 11 முதல் 4 வரை வெளியே விட முடியாது. போன் நேரத்தை அந்த இடைவெளியிலேயே வைத்துவிட்டு, சாயங்காலம் பாலாற்று மணலுக்கோ தெருவுக்கோ விரட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும். சாயங்காலமும் போன், மதியமும் போன் என்றால்தான் சிக்கல். ராத்திரி போன்கள் எல்லாம் கூடத்து சுவிட்ச் போர்டில் சார்ஜுக்குப் போகட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து. தலையணைக்கடியில் சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடினால் இந்த ஊர் வெயிலில் பேட்டரி உப்பிவிடும் என்பது கூடுதல் காரணம்.

முகம் தெரியாதவர்கள்

பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். இந்தப் பகுதி அப்படியில்லை, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஆள் பிடிக்கிறவர்கள் எடுத்தவுடன் தப்பாகப் பேச மாட்டார்கள். கேமின் வாய்ஸ் சாட்டிலோ இன்ஸ்டாகிராமிலோ 'நல்லா ஆடுற' என்று ஆரம்பிக்கும். எந்த ஸ்கூல், எந்த ஊர், அம்மா அப்பா எத்தனை மணிக்கு வருவாங்க என்று கேட்கும். இலவசமாக டைமண்டோ ஸ்கின்னோ (கேம் ஆளுக்குப் போடும் உடை) வரும். இரண்டு வாரத்தில் 'இங்க வேணாம், டெலிகிராம் வா' என்று இடம் மாற்றும். 'நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்' என்று வரும். அதற்குப் பிறகுதான் படம் கேட்கும். இந்தப் படிகளில் 'இடம் மாறு' என்பதும் 'யாரிடமும் சொல்லாதே' என்பதும்தான் மணி அடிக்கும் இடம். பிள்ளைக்கு நீண்ட பாடம் வேண்டாம், இந்த இரண்டை மட்டும் சொல்லிக் கொடுங்கள். பையன்களுக்கும்தான், பெண் பிள்ளைகளுக்கு மட்டுமான ஆபத்து என்று நினைப்பதால்தான் பையன்கள் வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறார்கள்.

சொல்லும் விதமும் முக்கியம். "தெரியாதவன்கிட்ட பேசினா காலை உடைச்சிடுவேன்" என்றால், பேசிவிட்ட பிள்ளை வாயே திறக்காது. "யார்கிட்ட பேசினாலும் பரவால்ல கண்ணு. போட்டோ கேட்டாலோ யார்கிட்டயும் சொல்லாதேன்னாலோ எங்கிட்ட வா. போனைப் பிடுங்க மாட்டேன்." கடைசி வாக்கியத்தைச் சொன்னால் காப்பாற்றவும் வேண்டும். போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மிரட்டலை மறைக்கின்றன.

இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் குறைந்தபட்ச வயது 13. உண்மையான வயது கொடுத்திருந்தால் 18க்குக் கீழ் இருப்பவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் 'டீன் அக்கவுன்ட்' தானாக வரும்: கணக்கு பூட்டியிருக்கும், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, ராத்திரி 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கும். 16க்குக் கீழ் என்றால் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பிள்ளை 2000ஆம் ஆண்டு பிறந்ததாகக் கணக்குத் திறந்திருந்தால் இவை எதுவும் கிடைக்காது. அதனால் ஆப்பைத் திறந்து முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் 'பிரைவசி' உள்ளே போய், குழுவில் சேர்ப்பது, புரொஃபைல் படம், ஸ்டேட்டஸ் மூன்றையும் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' இயக்குங்கள். மாதம் ஒரு தடவை 'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள்: தெரியாத கம்ப்யூட்டர் பெயர் அங்கே இருந்தால், யாரோ உங்கள் மெசேஜ்களை அங்கிருந்து படிக்கிறார்கள்.

கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பு

வாட்ஸ்அப்பில் 'திருமண அழைப்பிதழ்' என்றோ 'டிராஃபிக் அபராதம்' என்றோ ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். தெரிந்த ஆளின் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். வரும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் பிள்ளை கையில் இது விழுந்தால், அந்த ஆப் எஸ்எம்எஸ்களைப் படித்து ஓடிபியை வெளியே அனுப்பும். இலவச டைமண்ட் தருகிற, வேறு யாரோ மாற்றியமைத்த 'மாட்' கேம்களும் இதே வகைதான். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ், டெலிகிராம் நான்குக்கும் அணைத்து வையுங்கள். தொட்டுவிட்டால் உடனே ஏரோபிளேன் மோடு போட்டு, அந்த ஆப்பை அழித்து, வேறொரு போனிலிருந்து வங்கியை அழையுங்கள்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படியும் டெலிகிராம் வழியாக வந்தால் அது திருட்டுச் சரக்கு. 'உன் அக்கவுன்டை வாடகைக்குக் கொடு, மாசம் காசு' என்று பிளஸ் டூ, கல்லூரிப் பையன்களிடம் கேட்கிறவர்கள், மோசடிப் பணத்தை அந்தக் கணக்கு வழியாக ஓட்டுவதற்குத்தான் கேட்கிறார்கள். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்காரன் வீட்டில்.

நாம் போடும் படங்கள்

பிள்ளையின் விவரத்தை வெளியே விடுவதில் முதலிடம் பெரியவர்களுக்குத்தான். மஞ்சள் நீராட்டு விழா பத்திரிகையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி ஸ்டேட்டஸ் வைக்கிறோம். பெண் பெயர், அப்பா அம்மா பெயர், வீட்டு முகவரி, மண்டபம், நேரம், போன் நம்பர், படம் எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது என்பதையும் அந்த விழாவே சொல்லிவிடுகிறது. பத்திரிகையை ஆளாளுக்குத் தனியாக அனுப்புங்கள். வீடியோ எடுப்பவரிடம், யூடியூபில் ஏற்ற வேண்டாம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பள்ளிச் சீருடையும் அடையாள அட்டையும் தெரியும் முதல் நாள் படமும் இதே கணக்குத்தான்.

மிரட்டல் வந்துவிட்டால்

'படத்தை உன் அப்பாவுக்கு அனுப்புவேன்' என்று வந்தால் பணம் கட்டாதீர்கள். கட்டினால் நிற்காது, தொகைதான் ஏறும். கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள், உடனே பிளாக்கும் செய்யாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட்: அவன் யூசர்நேம், போன் எண், மிரட்டிய வரிகள், நாள், நேரம் தெரியும்படி. பிறகு ஆப்பிலேயே ரிப்போர்ட், அதற்குப் பிறகு பிளாக்.

பிள்ளையின் படத்தை 'ஆதாரம்' என்று மாமாவுக்கோ குடும்பக் குழுவுக்கோ அனுப்பவே கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே 5 ஆண்டுவரை சிறையும் 10 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. போனை அப்படியே எடுத்துக்கொண்டு போலீசிடம் போங்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. தூரம் என்றால் பக்கத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுங்கள். 'எங்கள் எல்லை இல்லை' என்று சொன்னால், எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்பது சட்டம் என்று எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாமல் வந்து எழுதிக்கொள்ள வேண்டும். கூடியவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். பிள்ளையை ராத்திரி காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பிள்ளையின் பெயரும் படமும் ஊர் பேர் தெரியும் விவரமும் ஊடகத்தில் வரக் கூடாது. 'ஊருக்குத் தெரிஞ்சிடுமே' என்று தயங்கும் வீடுகளுக்கு இந்த விதிகள் தெரிந்தாலே பாதி பயம் போகும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில், பிள்ளைகள் தொடர்பான ஆபாசப் படம் பற்றிப் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்க வழி இருக்கிறது.

படம் இன்னும் பரவவில்லை, பரவிவிடுமோ என்ற நிலையில் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உதவும். படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரி அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் போவதை இது பிடிக்காது.

பணம் போயிருந்தால் மணி நேரக் கணக்கு. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். கையில் வைத்திருக்க வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, வங்கிப் பெயர், 12 இலக்க யுடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்). யுடிஆர் யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் கீழே தெரியும். அதைத் தேடுவதிலேயே பலருக்கு அரை மணி போகிறது, இப்போதே ஒரு பழைய பரிவர்த்தனையைத் திறந்து எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் முடக்க முடியும்.

கூடத்து சுவிட்ச் போர்டு பக்கத்தில், போன்கள் சார்ஜ் ஆகும் இடத்திலேயே, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: 1098 குழந்தைகள் உதவி, 1930 பணம் போனால், 112 அவசரம், 14417 பள்ளிக் கல்வித்துறை உதவி. அதற்குக் கீழே உங்கள் வங்கியின் எண். போனே கையில் இல்லாமல் போகும் நாளில், போனுக்குள் சேமித்த எண்ணால் பயனில்லை.